சிக்கனம் காட்டக் கூடாத இடம்

ஒரு கார் வாங்குவதென்றால் நம் குடும்பங்களில் எத்தனை நாள் கலந்தாலோசனை நடக்கிறது! எந்த நிறம், எத்தனை பேர் அமரலாம், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று சிறு பிள்ளைகள் முதல் பெரியவர்கள் வரை ஆளுக்கொரு கருத்துச் சொல்கிறோம். அதே கார் நான்கைந்து ஆண்டுகள் ஓடி, அதன் பிரேக் தேய்ந்துவிட்டது என்று மெக்கானிக் சொல்லும்போது மட்டும் நாம் யாரையும் கலப்பதில்லை. "குறைந்த விலையில் ஏதாவது பார்த்துப் போடுங்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம்.

அவ்வாறு முடித்தவர்களில் நானும் ஒருவன். அதனால் எனக்கு நேர்ந்ததை மறைக்காமல் உங்கள் முன் வைப்பதற்காகவே இதை எழுதுகிறேன். என்னைப் போல் நீங்களும் மலைப்பாதையில் வைத்துப் பாடம் கற்க வேண்டியதில்லை.

2022-ஆம் ஆண்டு மே மாதம். சேலத்தில் வசிக்கும் நாங்கள் பிள்ளைகளின் விடுமுறையில் ஏற்காடு செல்வதாகத் திட்டமிட்டிருந்தோம். அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே, பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் முன்சக்கரத்திலிருந்து கீச்சென்று ஓசை எழத் தொடங்கியிருந்தது. வழக்கமாக வண்டி விடும் பட்டறைக்குக் கொண்டுசென்றேன்.

மெக்கானிக் அண்ணன் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தார். "பேடு ரெண்டு மில்லிமீட்டர்தான் பாக்கி இருக்கு, பாய். அந்தச் சத்தம் தேய்மானத்தைச் சொல்றதுக்குன்னே பேடுல வச்சிருக்கிற தகடு உரசுற சத்தம். டிஸ்க்கும் தேஞ்சு ஓரம் எழும்பிடுச்சு. ரெண்டையும் சேர்த்தே மாத்திடுங்க" என்றார்.

உதிரிபாகக் கடையில் விலை கேட்டேன். நல்ல பேடு ஒரு செட் 1,900 ரூபாய். டிஸ்க் ஒரு ஜோடி 4,000 ரூபாய். நான் தயங்குவதைக் கண்ட கடைக்காரர் வேறொரு பெட்டியை எடுத்து வைத்தார். அதன் விலை 650 ரூபாய். "டவுன்ல ஓட்டுறதுக்கு இது தாராளமாப் போதுங்க" என்றார். ஐயாயிரம் ரூபாய்க்கு மேல் மிச்சம் என்று மனம் கணக்குப் போட்டது. அந்தப் பெட்டியையே வாங்கினேன். "டிஸ்க்கை அப்புறம் பார்த்துக்கலாம் அண்ணே" என்று மெக்கானிக்கிடம் சொன்னேன். அவர் ஒருமுறைக்கு இருமுறை எச்சரித்துவிட்டுப் பழைய டிஸ்க்கின் மீதே அந்தப் பேடுகளைப் பொருத்தித் தந்தார். ஓசை நின்றது. நகருக்குள் ஓட்டியவரை ஒரு குறையும் தெரியவில்லை. கடைக்காரர் சொன்னதில் பொய்யில்லை. நகருக்குள் ஓட்ட அது போதுமானதாகவே இருந்தது.

மலையிலிருந்து இறங்கிய மாலை

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் செல்லும் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் உண்டு என்பதை அங்கே சென்றவர்கள் அறிவார்கள். காலையில் ஏறிச் சென்றோம். ஏரியைச் சுற்றினோம். பிள்ளைகள் படகில் போனார்கள். அஸர் தொழுதுவிட்டு, மஃரிபுக்குள் வீடு சேர்ந்துவிடலாம் என்று கிளம்பினோம். காரில் என் தாயார், என் துணைவி, இரண்டு பிள்ளைகள், நான் என ஐந்து பேர்.

இறக்கத்தில் நான் ஒரு தவறு செய்துகொண்டே வந்தேன். எரிபொருள் மிச்சமாகும் என்ற எண்ணத்தில் நான்காவது கியரிலேயே வண்டியை விட்டு, வேகத்தை முழுவதும் பிரேக்கினாலேயே அடக்கி வந்தேன். பாதி வளைவுகளைக் கடந்திருப்போம்.

"என்னங்க, ஏதோ கருகுற வாடை வருதே?" என்றாள் துணைவி.

வெளியிலிருந்து வருகிறது என்றேன். அடுத்த வளைவுக்கு முன் மிதித்தபோது வண்டி வழக்கம்போல் அடங்கவில்லை. பலத்தையெல்லாம் கூட்டி மிதித்தேன். மிதி கல்லைப்போல் இறுகி நின்றது. காரோ நழுவிக்கொண்டே போயிற்று. எதிரே பாதை திரும்பும் இடத்தில் தாழ்வான தடுப்புச் சுவர். அதற்கப்பால் வெட்டவெளி. அம்மாவின் உதடுகள் கலிமாவை ஓதத் தொடங்கியதைக் கண்ணாடியில் கண்டேன். அந்த முகத்தை நான் என்றும் மறக்க இயலாது.

கியரை மூன்றாவதற்கும் பிறகு இரண்டாவதற்கும் இறக்கினேன். எஞ்சின் அலறியது, வேகம் சற்றுத் தணிந்தது. ஹேண்ட் பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுத்து, மலைச்சரிவு இருந்த பக்கமாக வண்டியை ஒதுக்கினேன். மண்ணில் இறங்கி, புதரில் உரசி, ஒருவாறு நின்றது. முன்சக்கரங்கள் இரண்டிலிருந்தும் புகை வந்துகொண்டிருந்தது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அல்ஹம்துலில்லாஹ்.

எங்களைக் கண்டு நிறுத்திய சுற்றுலா வேன் ஓட்டுநர் ஒருவர், தண்ணீர்ப் புட்டியோடு சக்கரத்தருகே சென்ற என்னைத் தடுத்தார். "தண்ணி ஊத்திடாதீங்க, டிஸ்க் விரிசல் விட்டுடும். அரைமணி நேரம் அப்படியே ஆறவிடுங்க. அப்புறம் எந்தக் கியர்ல மலை ஏறினீங்களோ அதே கியர்ல இறங்குங்க" என்று சொல்லிச் சென்றார். முக்கால் மணி நேரம் காத்திருந்து, எஞ்சியிருந்த வளைவுகளை முதல் கியரிலும் இரண்டாவது கியரிலுமாக ஊர்ந்து கடந்தோம். வீடு சேரும்வரை காரில் யாரும் பேசவில்லை.

என்ன நடந்தது?

மறுநாள் பட்டறையில் பேடுகளைக் கழற்றியபோது அவற்றின் முகம் கண்ணாடிபோல் மினுமினுத்தது. ஒன்றில் உராய்வுப் பொருள், அது ஒட்டப்பட்டிருந்த இரும்புத் தகட்டை விட்டு ஓரமாகப் பிரியத் தொடங்கியிருந்தது. டிஸ்க்கில் நீலம் பாரித்த திட்டுகள் தென்பட்டன.

இதன் காரணம் புரிய வேண்டுமானால், பிரேக் என்ன செய்கிறது என்பதை நாம் அறிந்துகொள்ள வேண்டும். நாம் மிதியை அழுத்தும்போது குழாயிலுள்ள பிரேக் ஆயில் அந்த அழுத்தத்தைச் சக்கரத்திலுள்ள காலிப்பருக்குக் கொண்டுசெல்கிறது. காலிப்பர், சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் வார்ப்பிரும்புத் தட்டாகிய டிஸ்க்கை இருபுறமும் பேடுகளால் கவ்விப் பிடிக்கிறது. ஓடும் வண்டியின் ஆற்றல் முழுவதும் அந்த உராய்வில் வெப்பமாக மாறுகிறது.

அந்த வெப்பம் எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்த்தேன். ஐந்து பேரோடும் பொருள்களோடும் சேர்த்து 1,250 கிலோ எடையுள்ள ஒரு கார் 1,000 மீட்டர் உயரம் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல், ஏறத்தாழ 40 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. விருந்துக்கு அடுப்பேற்றும் பெரிய தேக்சா ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கியரைக் குறைத்து இறங்கினால் அதில் பெரும்பகுதியை எஞ்சின் ஏற்றுக்கொள்ளும். காற்றும் ஓரளவு தடுக்கும். நானோ கிட்டத்தட்ட அனைத்தையும் நான்கு சிறு பேடுகளின் மீதும் தேய்ந்துபோன இரண்டு டிஸ்க்குகளின் மீதும், பின்சக்கர டிரம்களின் மீதும் சுமத்தினேன்.

வெப்பத்தை வாங்கி வைத்துக்கொள்ளும் பாத்திரம் டிஸ்க்தான். தேய்ந்து மெலிந்த டிஸ்க், அடி மெலிந்த பாத்திரம் போல விரைவில் கொதித்துவிடும். அந்தச் சூட்டில் தரமற்ற பேடு தன் பிடிப்பை இழந்துவிடும். மிதி இறுகியிருந்தும் வண்டி நிற்காதது இதனால்தான். மிதி பஞ்சுபோல் உள்ளே போயிருந்தால் பிரேக் ஆயில் கொதித்து ஆவியாகிவிட்டது என்று பொருள். இரண்டின் அடையாளமும் வேறு என்பதை வாகனம் ஓட்டுவோர் நினைவிற்கொள்வது நல்லது.

என் ஓட்டும் முறையிலும் தவறு இருந்தது. ஆகவே பேடின் மீதும் கடையின் மீதும் மட்டும் பழி போடுவது நியாயமாகாது. ஆயினும் நல்ல பேடும் உரிய கனமுள்ள டிஸ்க்கும் இருந்திருந்தால், என் தவறை அவை சற்றுக் கூடுதல் நேரம் பொறுத்திருக்கும். மலைப்பாதையில் அந்தக் கூடுதல் நேரம்தான் உயிர்.

பேடில் என்ன பார்க்க வேண்டும்?

மெக்கானிக் அண்ணன் அன்று இரண்டு பேடுகளை என் கையில் கொடுத்து அவற்றின் விளிம்பைப் பார்க்கச் சொன்னார். நல்ல பேடின் விளிம்பில் தயாரிப்பாளரின் குறியீட்டு எண்ணோடு 'எஃப் எஃப்' என்று இரண்டு ஆங்கில எழுத்துகள் அச்சிடப்பட்டிருந்தன. நான் வாங்கியதில் எழுத்தே இல்லை.

இந்த எழுத்துகள் அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கம் வகுத்த முறையைச் சேர்ந்தவை. முதல் எழுத்து, சாதாரண வெப்பநிலையில் பேடுக்கு எவ்வளவு பிடிப்பு உண்டு என்பதைச் சொல்கிறது. இரண்டாவது எழுத்து, சூடேறிய பிறகு எவ்வளவு பிடிப்பு மிஞ்சும் என்பதைச் சொல்கிறது. 'ஈ' என்றால் உராய்வெண் 0.25 முதல் 0.35 வரை, 'எஃப்' என்றால் 0.35 முதல் 0.45 வரை, 'ஜி' என்றால் 0.45 முதல் 0.55 வரை. 'எஃப் ஈ' என்றிருந்தால், குளிர்ந்திருக்கும்போது நன்றாகப் பிடித்து, சூடானபின் தளர்ந்துவிடும் என்று அறியலாம். பேடின் தரம் முழுவதையும் இந்த இரண்டு எழுத்துகள் சொல்லிவிடா. ஆனால் அவற்றை அச்சிடவே இல்லாத பேடு, நமக்கு எந்த உறுதியும் தரவில்லை என்பது தெளிவு.

நம்மிடையே சிலரின் நற்குணமும் அமைதியான வேளையில் மட்டுமே தெரியும். சூடு ஏறினால் காணாமல் போய்விடும். அதனால்தானோ என்னவோ, அந்த இரண்டாவது எழுத்து என் மனத்தில் நன்கு பதிந்துவிட்டது.

ஐரோப்பாவில் விற்கும் மாற்றுப் பேடுகளுக்கு வேறொரு முத்திரையும் உண்டு. ஐக்கிய நாடுகள் அவையின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் வகுத்த 90-ஆம் ஒழுங்குமுறைப்படி, மாற்றுப் பேடின் செயல்திறன் கார் நிறுவனம் பொருத்திய மூலப் பேடின் திறனிலிருந்து 15 விழுக்காட்டுக்கு மேல் வேறுபடலாகாது. வட்டத்துக்குள் 'ஈ' எழுத்தும், '90 ஆர்' என்ற குறியும் அதைக் காட்டும். நம் நாட்டிலும் தரமான தயாரிப்புகளுக்குக் குறைவில்லை. 1962-இல் தொடங்கப்பட்ட பிரேக்ஸ் இந்தியா சென்னைப் பாடியில்தான் பிறந்தது. ஆகவே நல்ல பொருள் நமக்கு எட்டாத தொலைவில் இல்லை. அதே பெயரை எழுத்துப் பிழையோடு அச்சிட்ட போலிப் பெட்டிகளும் சந்தையில் உலவுவதால், பெட்டியைத் திறந்து, உள்ளிருக்கும் பேடின் எண்ணும் பெட்டியின் எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்து, ரசீதோடு வாங்குவதே பாதுகாப்பு.

பேடுகளில் வகைகளும் உண்டு. கரிமப் பேடு மென்மையானது; ஓசை குறைவு; ஆனால் கடும் சூட்டில் முதலில் தளர்வது பெரும்பாலும் அதுவே. உலோகத் துகள் கலந்த பேடு சூட்டைத் தாங்கும். ஓசையும் டிஸ்க் தேய்மானமும் சற்றுக் கூடுதல். செராமிக் பேடு ஓசையும் தூசியும் குறைந்தது, விலை அதிகம். இவற்றுள் எது நல்லது என்று பொதுவாகக் கேட்பதைவிட, நம் கார் நிறுவனம் எந்த வகையைப் பரிந்துரைக்கிறது, நாம் எங்கே ஓட்டுகிறோம் என்று கேட்பதே பொருந்தும்.

தூசி என்றதும் மற்றொன்றையும் சொல்ல வேண்டும். 1897-இல் இங்கிலாந்தின் டெர்பிஷயர் மலைப்பகுதியில் ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர், குதிரை வண்டிகளின் மரக்கட்டைப் பிரேக்குகள் இறக்கத்தில் பிடிக்காமல் வழுக்குவதைக் கண்டு உராய்வுப் பொருள் தயாரிக்கத் தொடங்கினார். ஃபெரோடோ நிறுவனம் பிறந்தது அப்படித்தான். பின்னாளில் இத்தொழில் முழுவதும் கல்நாரை, அதாவது ஆஸ்பெஸ்டாஸை நம்பியது. அது புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியுள்ளது. ஐரோப்பிய ஒன்றியம் 2005-இல் அதற்கு முழுத் தடை கொண்டுவந்தது. விவரம் அச்சிடாத பேடில் என்ன கலந்திருக்கிறது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. என் காரைக் கழற்றியபோது, வேலை பழகும் இளைஞன் ஒருவன் பிரேக் தூசியை வாயால் ஊதினான். மெக்கானிக் அண்ணன் அவனைக் கடிந்து, ஈரத்துணியால் துடைக்கச் செய்தார். நான் மிச்சப்படுத்த நினைத்த பணத்தின் விலையை அந்தப் பிள்ளையின் நுரையீரலும் கொடுத்திருக்கக் கூடும் என்று அப்போதுதான் உறைத்தது.

டிஸ்க்கை மாற்றுவதா, கடைசல் போடுவதா?

ஒவ்வொரு டிஸ்க்கிலும் அது தேயக்கூடிய கடைசி அளவு மில்லிமீட்டரில் பொறிக்கப்பட்டிருக்கும். அல்லது கார் நிறுவனத்தின் கையேட்டில் இருக்கும். மைக்ரோமீட்டரால் பல இடங்களில் கனத்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். அந்த அளவை எட்டியிருந்தால் பேச்சுக்கே இடமில்லை. மாற்றியே ஆக வேண்டும். கோடுகள் மட்டும் விழுந்து, கனம் மீதமிருந்தால் கடைசல் பட்டறையில் சீர்செய்யலாம். ஆனால் கடைசலுக்குப் பின்னும் அந்த எல்லைக்கு மேல் கனம் நிற்குமா என்று முன்னதாகவே கணக்கிட வேண்டும். விரிசல் விட்டதையோ, வெப்பத்தால் நீலம் பாரித்துக் கெட்டதையோ வைத்திருக்கலாகாது. பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் நடுங்கினால், டிஸ்க்கின் கனம் சீராக இல்லை அல்லது அது கோணிச் சுற்றுகிறது என்று ஐயுறலாம்.

மாற்றும்போது இடம் வலம் இரண்டையும் ஒருசேர மாற்ற வேண்டும். ஒருபக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் பிடிக்கையில் வண்டி ஒருபுறம் இழுக்கக்கூடும். புதிய டிஸ்க்கின் மீது துரு பிடிக்காமலிருக்கப் பூசியுள்ள எண்ணெயைத் துடைக்காமல் பொருத்தினால், பேடு முதல் நாளே கெட்டுவிடும். ஓட்டை போட்ட, பள்ளம் வெட்டிய டிஸ்க்குகளைச் சிலர் அழகுக்காக நாடுகிறார்கள். குடும்பக் காருக்கு, நிறுவனம் குறிப்பிட்ட சாதாரண டிஸ்க்கே போதுமானது.

பிரேக் ஆயிலையும் மறந்துவிடாதீர்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. 'டாட் 3' வகைக்குப் புதிதாக இருக்கையில் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தர அளவு. ஈரம் ஏறியபின் அந்த அளவு 140 டிகிரிதான். ஆகவே இரண்டாண்டுக்கொரு முறை மாற்றுவது நலம்.

புதிய பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று பழகச் சில நூறு கிலோமீட்டர் ஆகும். அதுவரை திடீரென்று ஓங்கி மிதிப்பதையும், மலைப்பயணத்தையும் தவிர்க்க வேண்டும்.

அம்மா சொன்னது

அன்றிரவு என் தாயாரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். மெக்கானிக் எச்சரித்ததையும், நான் ஐயாயிரத்துச் சொச்சம் மிச்சம் பிடிக்க நினைத்ததையும் ஒளிக்கவில்லை. அம்மா கோபிக்கவில்லை. சற்று நேரம் கழித்து, "உங்க அத்தா ஒரு காசைக்கூட வீணாக்க மாட்டாங்க. கிழிஞ்ச சட்டையைத் தைச்சுத் தைச்சுப் போடுவாங்க. ஆனா கிணத்துக் கயிறை மட்டும் நைஞ்சு போறதுக்கு முன்னாடியே மாத்திடுவாங்க. பிள்ளைங்க தண்ணி இறைக்குற கயிறு, அதுல கஞ்சத்தனம் கூடாதும்பாங்க" என்றார்.

எனக்குப் பதில் சொல்ல நா எழவில்லை. காரில் ஏறி அமர்ந்தவர்கள் தங்கள் உயிரை என்னிடம் அமானிதமாக ஒப்படைத்திருந்தார்கள். அவர்களில் ஒருவரும் பேடின் விலையை என்னிடம் கேட்டதில்லை. கேட்கத் தேவையில்லை என்று நம்பியிருந்தார்கள்.

அடுத்த நாளே பேடுகளும் டிஸ்க்குகளும் பிரேக் ஆயிலும் மாற்றப்பட்டன. அந்த ஆண்டின் இறுதியில் மீண்டும் ஏற்காடு சென்றோம். இறங்கும்போது இரண்டாவது கியரை விடவில்லை. பிள்ளைகள் வளைவுகளை எண்ணிக்கொண்டு வந்தார்கள். அம்மா பின்னிருக்கையில் உறங்கிவிட்டார்.

அன்பு வாசகர்களே! உங்கள் காரின் பிரேக் அடுத்த முறை மாற்றப்படும்போது பட்டறைக்கு நீங்களே ஒருமுறை செல்லுங்கள். கழற்றிய பழைய பேடைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். புதியதின் விளிம்பில் உள்ள இரண்டாவது எழுத்தைப் படியுங்கள். டிஸ்க்கின் கனத்தை உங்கள் கண்முன் அளக்கச் சொல்லுங்கள். இதற்கு ஆகும் நேரம் பத்து நிமிடந்தான். சிக்கனம் நல்ல பண்பு என்பதில் ஐயமில்லை. அதைக் காட்டுவதற்கு வீட்டிலும் காரிலும் வேறு எத்தனையோ இடங்கள் இருக்கின்றன.